திரை போன போன்: மவுஸா, மேகமா, கடையா?

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஒரு சனிக்கிழமை காலை. இரண்டு கையிலும் மீன் பை, சட்டைப் பையில் போன். சில்லறை வாங்கக் குனிந்தேன், அது நழுவி ஈரத் தரையில் முகம் குப்புற விழுந்தது. எடுத்துப் பார்த்தால் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் திரை முழுக்கக் கறுப்பு, ஓரத்தில் மட்டும் ஒரு பச்சைக் கோடு. கையில் வைத்திருக்கும்போதே மணி அடிக்கிறது, மனைவிதான் என்று மணியோசையிலேயே தெரிகிறது, எங்கே தொட்டால் எடுக்கலாம் என்றுதான் தெரியவில்லை.

என்னுடையது சாம்சங் ஏ தொடர், நடுத்தர விலைப் போன். இரண்டு வாரம் கழித்து மச்சானின் ஐபோன் 13-ம் அடுக்குமாடிப் புளோக் படிக்கட்டில் உருண்டு அதே கதிக்கு வந்தது. ஆக ஒரே மாதத்தில் இரண்டு போனை வைத்து, உள்ளே இருக்கும் படங்களையும் செய்திகளையும் மீட்கும் எல்லா வழியையும் பார்த்தாகிவிட்டது. எது வேலை செய்யும், எது காசைக் கரைக்கும் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. போனை அணைக்காதீர்கள், சார்ஜரில் போட்டு வையுங்கள். அணைத்துத் திறந்தால் கைரேகையும் முகமும் செல்லாது, பின் நம்பரைத்தான் கேட்கும், அதை அடிக்கத்தான் உங்களிடம் திரை இல்லை. சும்மா விட்டு வைத்தாலும் கெடு உண்டு: 2024-இல் வந்த ஐஓஎஸ் 18.1-இலிருந்து, மூன்று நாள் திறக்கப்படாமலே கிடக்கும் ஐபோன் தானாக ஒருமுறை அணைந்து எழும். 2025-இல் ஆண்ட்ராய்டிலும் இதே ஏற்பாடு வந்தது.

அப்புறம், எது செத்திருக்கிறது என்று பாருங்கள். படம் தெரிகிறது, தொடுகைதான் இல்லை என்றால் அது ஒரு நோய். தொடுகை இருக்கிறது, படம்தான் இல்லை என்றால் வேறு நோய். இரண்டும் போய் உள்ளே மட்டும் உயிர் இருந்தால் (சார்ஜர் செருகினால் அதிர்கிறதா, அழைத்தால் மணி அடிக்கிறதா) அது மூன்றாவது. கீழே சொல்லப்போகும் வழிகளில் எது உங்களுக்கு ஆகும் என்பதை இதுதான் முடிவு செய்கிறது, விலை இல்லை.

படம் தெரிந்து தொடுகை மட்டும் போயிருந்தால் மவுஸை மிஞ்ச எதுவும் கிடையாது. யூஎஸ்பி-சி முனையில் மாட்டும் ஒரு சின்ன ஓடிஜி இணைப்பி, எந்தக் கடையிலும் சில வெள்ளி (டாலர்)தான். அதில் கம்பி மவுஸைச் செருகினால் ஆண்ட்ராய்டு திரையில் அம்புக்குறி வந்துவிடும். வயரில்லாத மவுஸும் ஆகும், அதோடு வரும் குட்டி யூஎஸ்பி துண்டு இருந்தால் போதும். புளூடூத் மவுஸ் ஆகாது, அதை முதல்முறை இணைக்கவே திரையைத் தொட வேண்டுமே. ஐபோனில் இந்தக் கதை கொஞ்சம் சிக்கல். பூட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன ஐபோன், செருகிய பொருளோடு பேசாது, திறந்தால்தான் பேசும். 2018-இலிருந்து இப்படித்தான்.

எனக்குப் படமே இல்லையே. சரி, விசைப்பலகையை மாட்டிக் குருட்டாம்போக்கில் பின்னை அடித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். இடைவெளி விசையைத் தட்டி, ஆறு எண்ணை அடித்து, என்டர். திறந்ததற்கான 'டிக்' சத்தம் கேட்டது! அந்த நிமிடம் என்னை ஒரு பொறியாளன் என்றே நினைத்துக்கொண்டேன். அடுத்து கணினியில் இணைக்க வேண்டும். அப்போதுதான் உறைத்தது, போனில் இருப்பது ஒரே துளை. விசைப்பலகையைக் கழற்றினால்தான் கணினிக் கம்பியைச் செருக முடியும். செருகினால் போன், 'இந்தக் கணினிக்கு அனுமதி தரவா' என்று திரையில் கேட்கும். அந்தக் கேள்வியை நான் பார்க்கவும் முடியாது, பதில் சொல்ல விசைப்பலகையும் கையில் இல்லை. கணினியில் காலிக் கோப்புறை ஒன்று திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தது.

துளை ஒன்றுதான் என்றால் அதைப் பலதாக்கும் ஹப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. எச்டிஎம்ஐ, இரண்டு யூஎஸ்பி, சார்ஜர் எல்லாம் சேர்ந்த ஹப்பை வாங்கி வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்தால் போனின் படம் அதில் வரும், மவுஸை வைத்து வேலையை முடிக்கலாம். இருக்கிற வழிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், யாரிடமும் போனைக் கொடுக்க வேண்டாம், பிரிக்க வேண்டாம். ஆனால் போன் தன் யூஎஸ்பி முனை வழியாகப் படத்தை வெளியே அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும். சாம்சங்கில் எஸ்8-க்குப் பிறகான எஸ் தொடர், மடக்குப் போன்களில் ஃபோல்டு, கூகுள் பிக்சல் 8 முதல், ஐபோன் 15 முதல், இவை அனுப்பும். ஏ தொடரும் ரெட்மி நோட்டும் பெரும்பாலும் அனுப்பாது. ஹப் வாங்குவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். நான் வாங்கிய பிறகு பார்த்தேன், 38 வெள்ளி. இப்போது அது அலுவலக மடிக்கணினியோடு பிழைத்துக்கொண்டிருக்கிறது.

மேகம், அதாவது இணையத்தில் இருக்கும் சேமிப்பிடம், அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் பலர் அங்கே ஏற்கெனவே எல்லாம் இருப்பதை அறியாமலே கடைக்கு ஓடுகிறார்கள். ஆண்ட்ராய்டு என்றால் வேறொரு கணினியில் கூகுள் போட்டோஸ், ஆப்பிள் என்றால் ஐகிளவுட், முதல் வேலையாக நுழைந்து பாருங்கள். நுழையும்போதே ஒரு வேடிக்கை நடக்கும்: 'உங்கள் போனில் ஆம் என்று அழுத்துங்கள்' என்று கூகுள் சொல்லும். எந்தப் போன்? செத்த போன்! பதறாமல் வேறு வழி என்பதைத் தேர்ந்தெடுத்து, சிம்மைக் கழற்றி வீட்டில் கிடக்கும் பழைய போனில் போட்டுக் குறுஞ்செய்தியை வாங்கிக்கொள்ளலாம். இசிம் (போனுக்குள்ளேயே பதித்த சிம்) வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது, தொலைபேசி நிறுவனத்திடம்தான் போக வேண்டும்.

மேகத்தின் குறை, அது எப்போது நிரம்பியது என்று உங்களுக்கே தெரியாது. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, ஆப்பிள் 5 ஜிபி. கூகுள் போட்டோஸில் கணக்கில்லாமல் படம் போட்ட காலம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. மச்சான் ஐகிளவுடைத் திறந்து பார்த்தபோது கடைசிப் படம் மூன்று வருடத்துக்கு முந்தைய பொங்கல். 'இடம் நிரம்பிவிட்டது' என்ற அறிவிப்பைத் தினமும் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். மூத்தவள் பள்ளிக்கூடம் போன முதல் நாள், இளையவனின் பிறந்தநாள் எல்லாம் அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால்தான்.

வாட்ஸ்ஆப் தனிக் கதை. புதுப் போன் வாங்கியதும் அவசரப்பட்டு அதில் பதிவு செய்துவிடாதீர்கள். செய்த நொடியே பழைய போனிலும் இணைத்த கணினிகளிலும் வெளியேறிவிடும். முதலில் அலுவலகக் கணினியிலோ மடிக்கணினியிலோ வாட்ஸ்ஆப் வெப் திறந்தே இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அது அதிர்ஷ்டம். முதன்மைப் போனை 14 நாள் தொடாவிட்டால்தான் இணைப்பு அறும். அதற்குள் முக்கியமான படம், குரல் செய்தி, ஆவணம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கிக்கொள்ளலாம். தஞ்சாவூரில் இருந்து அம்மா அனுப்பும் நான்கு நிமிடக் குரல் செய்திகளில் பாதியை நான் இப்படித்தான் எடுத்தேன். கருவேப்பிலைச் செடி காய்ந்துபோனதைப் பற்றிய ஒன்று மட்டும் மூன்று பகுதியாக வந்திருந்தது.

இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவை கணினி மென்பொருள்கள்தான், 'திரை உடைந்தாலும் மூன்றே சொடுக்கில் மீட்கலாம்' என்று. இதில் ஒன்றுக்கு 60 வெள்ளி கட்டினேன், பெயர் வேண்டாம். கட்டிய பிறகுதான் இரண்டாம் பக்கத்தில் கேட்டது: 'போனில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கவும்.' கணினி போனை இயக்க அனுமதிக்கும் அமைப்பு அது, போனின் திரையில்தான் இயக்க வேண்டும். அதை இயக்க முடிந்தால் நான் ஏன் உன்னிடம் வருகிறேன்? ஆண்ட்ராய்டு 10-ஓடு விற்பனைக்கு வந்த போன்கள் எல்லாமே உள்ளிருப்பதைக் குறியாக்கம் செய்துதான் (திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றித்தான்) வைக்கின்றன, ஐபோன் அதற்கு வெகு முன்பே. பின் நம்பர் இல்லாமல் வெளியிலிருந்து பூந்து எடுக்கிறேன் என்று 60 வெள்ளி மென்பொருள் சொன்னால் நம்பாதீர்கள். டீபக்கிங் ஏற்கெனவே இயக்கத்தில் இருந்து, அந்தக் கணினிக்கு முன்பே அனுமதியும் கொடுத்திருந்தால் எஸ்சிஆர்சிபிஒய் (scrcpy) என்ற இலவச நிரலே போதும், போன் திரை கணினியில் வந்துவிடும். அப்படி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் செயலி எழுதும் ஆட்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

எஸ்டி கார்டு போட்ட பழைய போன் என்றால் ஒரே வரி: கழற்றுங்கள், அட்டைப் படிப்பானில் போடுங்கள். தனியாகக் குறியாக்கம் செய்து வைக்காத கார்டு என்றால் அதில் சேமித்த படங்கள் அப்படியே இருக்கும்.

இனி கடை. சிம் லிம் ஸ்குவேரில் ஆரம்பித்து தேக்கா சந்துகள், ஒவ்வொரு வட்டாரத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கடைவரிசை வரை பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் சொல்வது ஒன்றுதான், 'திரையை மாற்று'. என் போனுக்கு 140 வெள்ளி. நான்கு வருடப் பழைய போனுக்கு அந்தக் காசைப் போட மனசில்லை. முதலில் போன கடையில், மாற்றிய பிறகு சோதிக்க ரீசெட் (உள்ளிருப்பதை எல்லாம் அழிப்பது) செய்ய வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள், போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன். ரீசெட் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்துவிடுங்கள், திரை மாற்ற அது தேவையே இல்லை.

இரண்டாவது கடை தேக்காவில், நம் ஊர்த் தம்பி ஒருவர். போனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, போனைத் தொடர்ந்து வெச்சுக்கப் போறீங்களா, உள்ள இருக்கறது மட்டும் வேணுமா?" என்று கேட்டார். இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். உள்ளிருப்பது மட்டும் என்றேன். "அப்ப ஒட்ட வேண்டாம், டெஸ்ட் டிஸ்பிளேய மாட்டித் தரேன். அம்பது வெள்ளி குடுங்க."

பின்பக்கத்தைச் சூடாக்கி, மெல்லிய தகட்டை ஓரத்தில் ஓட்டிப் பிரித்தார். திருகுகளைக் காந்தத் தட்டில் கழற்றிய வரிசையிலேயே வைத்தார். கைவிரல் நீளத்துக்கு ஒரு நாடா, அதன் நுனியில் சோதனைத் திரை. பலகையில் அதைச் சொருகியதும், வயிற்றைத் திறந்து போட்ட போன் மேசையில் கிடக்க, திரை தனியாகப் பக்கத்தில் படுத்துக்கொண்டு என் மகளின் படத்தைக் காட்டியது. கைரேகை எடுக்கவில்லை, உணரி பழைய திரையோடு போய்விட்டது. பின்னை நானே அடித்தேன். எஸ்எஸ்டி சேமிப்பானில் எல்லாவற்றையும் நகலெடுக்க ஒன்றே கால் மணி நேரம், அதற்குள் இரண்டு தேதாரிக் தேநீர்.

இது எல்லாக் கடையிலும் நடக்காது. சோதனைத் திரை அந்த மாடலுக்குக் கையிருப்பில் இருக்க வேண்டும், நீங்கள் பக்கத்திலேயே உட்கார வேண்டும். பின்னை எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னால் வேண்டாம். பின் என்றால் வங்கிச் செயலி இருக்கும் வீட்டுக்கே சாவி மாதிரி. மச்சான் மட்டும் முழுத் திரையும் மாற்றிக்கொண்டார், அவர் போனை இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவார், அவருக்கு அதுதான் கணக்கு. வெளித் திரை என்பதால் அமைப்புகளில் 'தெரியாத பாகம்' என்று எழுதி வருகிறது, அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

தரவு மீட்பு ஆய்வகங்களை இந்த வரிசையில் கடைசியாகத்தான் வைப்பேன். திரை மட்டும் போன போனுக்கு அங்கே வேலையே இல்லை. தண்ணீரில் விழுந்து பலகை செத்திருந்தால், ஒரு உயிரும் இல்லையென்றால் அப்போது போகலாம். அங்கேயும் நினைவகச் சில்லை மட்டும் பிடுங்கிப் படித்துவிட முடியாது, குறியாக்கத்தின் திறவுகோல் போனின் புராசஸரோடு கட்டப்பட்டிருக்கிறது. பலகையை எப்படியாவது ஒருமுறை உயிர்ப்பிப்பதுதான் அவர்களும் செய்வது.

இதற்கிடையே எல்லாரும் மறப்பது வங்கி. படம் நாளைக்கு வந்தாலும் பரவாயில்லை, வாடகை இன்றே போக வேண்டும். இங்கே வங்கிகளின் டிஜிட்டல் டோக்கன் (நீங்கள்தான் என்று உறுதிசெய்யும் மின் சாவி) போனுக்குள்தான் இருக்கிறது, அதை நகலெடுக்க முடியாது, புதுப் போனில் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். 2022-இல் நாணய ஆணையமும் வங்கிச் சங்கமும் அறிவித்த மோசடித் தடுப்பு விதிப்படி புது டோக்கன் உயிர்பெறக் குறைந்தது 12 மணி நேரம் ஆகும். ஆகவே போன் விழுந்த அன்றே, மீட்பு வேலைக்குக் காத்திராமல், சிம்மை மாற்றி டோக்கனையும் சிங்பாஸையும் (அரசாங்க மின் அடையாளம்) வேறு போனில் தொடங்கிவிடுங்கள். நான் ஞாயிறு இரவு தொடங்கித் திங்கள் காலை பேருந்தில் நின்றுகொண்டு கடிகாரம் பார்த்தேன்.

பழைய போனைச் சமூக மன்றத்து மின்கழிவுத் தொட்டியில் போடலாம் என்று எடுத்து வைத்தேன், உள்ளே எல்லாம் இருக்கிறதே, அழிக்காமல் எப்படிப் போடுவது? அதற்கு ஹப்பும் வேண்டாம், தம்பியின் சோதனைத் திரையும் வேண்டாம். போனை வைஃபையில் விட்டுவிட்டு, மடிக்கணினியில் கூகுளின் சாதனம் தேடும் பக்கத்தைத் திறந்து, 'அழி' என்று ஒரு சொடுக்கு. திரையே இல்லாத போன் ஒரு முறை அதிர்ந்து அடங்கியது.