கலுங்கா, மணல்மேடா?

மதுரைப் பக்கத்துக் கண்மாய்களில் தூண்டில் போட நான் பார்ப்பது இரண்டு இடங்கள்: கலுங்குப் பாறை (கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் கல்கட்டு), வரத்துக்கால் (தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்) வந்து சேரும் மணல்மேடு.

கலுங்கின் கல் இடுக்குகளில் ஜிலேபி மீன் ஒண்டிக் கிடக்கும். சின்னத் தூண்டில் முள்ளில் மண்புழு கோத்துக் கல்லை ஒட்டியே இறக்குங்கள். தக்கை லேசாகத் துடித்துவிட்டுப் பக்கவாட்டில் நகரும். அப்போது சுண்ட வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் மீன் இடுக்குக்குள் புகுந்துவிடும், முள்ளும் போச்சு. மறுகால் பாய்ந்தால், அதாவது கலுங்கு வழியே தண்ணீர் வழிந்தால், பாசி வழுக்கும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மணல்மேட்டில் முள் சிக்காது. பொழுது சாய்ந்தபின் ஈயக்குண்டு கட்டி அடியில் போட்டால் கெளுத்தி வரும் (கழற்றும்போது கை பத்திரம், அதன் துடுப்பு முள் குத்தினால் கடுக்கும்). பகலில் அங்கே உட்காருவது வெட்டி வேலை.

என் ஓட்டு கலுங்குக்குத்தான். சரி, எங்கே போட்டாலும் கண்மாய் குத்தகையில் இருக்கிறதா என்று ஊருக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.