ஓடிபி இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள்: போலி லாகின் பக்கங்கள் பற்றி ஓர் எச்சரிக்கை

2022 ஜூலை 20 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவன ஊழியர்கள் குறைந்தது 76 பேருக்கு ஒரு நிமிடத்துக்குள் எஸ்எம்எஸ் வந்து விழுந்தது. உங்கள் வேலை நேர அட்டவணை மாறியிருக்கிறது, இந்த லிங்கில் பாருங்கள் என்றது செய்தி. லிங்கில் இருந்த டொமைன் (இணையத் தளத்தின் பெயர்) பதிவாகி 40 நிமிடம்கூட ஆகவில்லை. நிறுவனத்தின் பெயரையும் ஊழியர்கள் தினமும் பயன்படுத்தும் லாகின் சேவையின் பெயரையும் நடுவே ஒரு சிறு கோட்டால் இணைத்திருந்தார்கள், அவ்வளவுதான். மூன்று பேர் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்கள். இணையப் பாதுகாப்பையே தொழிலாகச் செய்யும் நிறுவனம் அது. ஆகவே ஏமாறுபவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

இப்போது புழக்கத்தில் உள்ள போலிப் பக்கங்கள் பல, பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. நீங்கள் தட்டச்சு செய்ததை அந்த நொடியே உண்மையான தளத்தில் போடுகின்றன. உண்மையான தளம் உண்மையான ஓடிபியை உங்கள் போனுக்கு அனுப்புகிறது. வழக்கமான எண்ணிலிருந்து வருவதால் உங்களுக்குச் சந்தேகமே எழாது. அதையும் போலிப் பக்கத்தில் போடுகிறீர்கள். அதுவும் அப்படியே கைமாறுகிறது. லாகின் முடிந்ததும் தளம் கொடுக்கும் செஷன் குக்கி (நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்று காட்டும் அடையாளச் சீட்டு) திருடனிடம் போய்ச் சேர்கிறது. அதன்பின் அவனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். உங்களையோ உண்மையான தளத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எதுவும் நடந்ததாகவே தெரியாது.

முகவரியை வாசிக்கக் கற்றுக்கொள்வது நல்லதுதான். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக வரும் இரண்டு துண்டுகளைப் பாருங்கள் (சில நாட்டு டொமைன்களில் மூன்று). "வங்கி டாட் காம் டாட் சரிபார்ப்பு டாட் நெட்" என்றிருந்தால் அந்தத் தளம் "சரிபார்ப்பு டாட் நெட்"டின் சொந்தக்காரருடையது. முன்னால் உள்ள வங்கிப் பெயர் வெறும் அலங்காரம். அந்தப் பகுதிக்குள் @ குறி வந்தால் அதற்கு இடப்பக்கம் உள்ள எதற்கும் மதிப்பில்லை. பூட்டுச் சின்னத்தையும் நம்ப வேண்டாம். இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதைத் தவிர அது எதையும் சொல்லவில்லை. போலித் தளமும் அதற்கான சான்றிதழை இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். குரோம் பிரவுசர் 2023இல் பூட்டுச் சின்னத்தை எடுத்துவிட்டதற்கு இந்தத் தவறான நம்பிக்கையே காரணம்.

ஆனால் கண் தோற்கும் இடங்கள் உண்டு. ஆங்கில 'ஆர்', 'என்' இரண்டையும் நெருக்கி எழுதினால் 'எம்' போலத் தெரியும். ரஷ்ய எழுத்துகளில் சில, ஆங்கில எழுத்துகளிலிருந்து பிரித்தறிய முடியாதவை. போன் திரையில் முகவரி பாதி வெட்டுப்பட்டே தெரியும். அவசரத்தில் இருப்பவர் எழுத்து எழுத்தாகப் பார்க்க மாட்டார். எனவே முகவரியைச் சரிபார்க்கும் வேலையை உங்கள் கண்ணிடம் கொடுக்காதீர்கள், கருவியிடம் கொடுங்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் போனோ கணினியோ வைத்திருக்கும் மின்னணுச் சாவி) அல்லது யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி, பதிவு செய்த டொமைனுக்கு மட்டுமே பதில் சொல்லும். ஓர் எழுத்து மாறினாலும் அது வேலை செய்யாது. கிளவுட்ஃபிளேருக்குள் திருடர்கள் நுழைய முடியாமல் போனது, ஊழியர்கள் எல்லாரிடமும் அந்தச் சாவி இருந்ததால்தான். அதே காலத்தில் இதே பாணி எஸ்எம்எஸ்ஸால் தாக்கப்பட்ட ட்விலியோ நிறுவனத்தில் உள்ளேயே போய்விட்டார்கள்.

முதலில் மெயில் கணக்குக்குப் பாஸ்கீ போடுங்கள். மற்ற எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டும் அதன் வழியாகத்தானே மாற்றப்படுகிறது. போட்ட பிறகு, தளம் அனுமதித்தால், எஸ்எம்எஸ் ஓடிபி வழியை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் போலிப் பக்கம் "பாஸ்கீ இப்போது வேலை செய்யவில்லை, வேறு வழியில் நுழையுங்கள்" என்று பழைய வழிக்கே உங்களை இழுக்கும். சாவி தொலைந்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும். ஆகவே இரண்டாவது சாவி ஒன்றும், தாளில் அச்சிட்ட மீட்புக் குறியீடுகளும் அவசியம். பாஸ்கீ இல்லாத தளங்களுக்குப் பாஸ்வேர்ட் மேனேஜர், அதாவது பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்து உரிய தளத்தில் நிரப்பும் செயலி. எப்போதும் தானாக நிரப்பும் அது ஒருநாள் நிரப்பவில்லை என்றால், நகலெடுத்து ஒட்டாமல் அங்கேயே நில்லுங்கள்.

எஸ்எம்எஸ்ஸில் அனுப்புநர் பெயரைப் போலியாகப் போட முடியும். அப்படி வரும் செய்தி வங்கியின் பழைய செய்திகளுக்குக் கீழேயே போய் உட்காரும். அழைப்பவரின் எண்ணும் அப்படித்தான். வங்கியிலிருந்து என்று யாராவது அழைத்தால் பேச்சைத் துண்டித்துவிட்டு வங்கி அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள். விளம்பரமாக மேலே வருவது போலியாக இருக்கலாம்.

கொடுத்துத் தொலைத்துவிட்டால்? பணம் சம்பந்தப்பட்டது என்றால் முதல் அழைப்பு வங்கிக்கு. மோசடிக்காரர்கள் சொல்லி ஏதாவது செயலியை நிறுவியிருந்தால் அந்தக் கருவியின் இணையத்தைத் துண்டித்து, வேறு கருவியிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக்-அவுட் செய்யுங்கள். பலர் இத்துடன் நிறுத்திவிடுவதால்தான் மறுபடி மாட்டுகிறார்கள். மெயில் அமைப்பில் புதிதாக ஏதாவது ஃபில்டரோ (மெயில்களைத் தானாகப் பிரித்தனுப்பும் விதி) ஃபார்வர்டோ (வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் விதி) முளைத்திருக்கிறதா பாருங்கள். வங்கியின் எச்சரிக்கை மெயில்கள் உங்கள் கண்ணில் படாமல் நேரே குப்பைக்குப் போகும்படி செய்திருப்பார்கள். மீட்பு எண், மீட்பு மெயில், புதிதாகச் சேர்ந்த பாஸ்கீ, கணக்கோடு இணைந்த செயலிகள் எல்லாவற்றையும் பாருங்கள். செயலிக்குக் கொடுத்த அனுமதி, பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் உயிரோடு இருக்கக்கூடும்; அதைத் தனியாகத்தான் ரத்து செய்ய வேண்டும்.

சில நாளில் "போன பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று ஒருவர் கூப்பிட்டு முன்பணம் கேட்டால், பேசாமல் வைத்துவிடுங்கள். ஏமாந்தவர்களின் எண்கள் பட்டியலாகக் கைமாறுகின்றன.