மழை பெஞ்சா செவப்பு லைட்டு: தோட்டத்து வீட்டு ஃபைபர், சில வருஷ அனுபவம்

நம்ம ஊரு மலேசியா, பேராக்ல சுங்கை சிப்புட் பக்கம், முன்ன ரப்பர், இப்ப சுத்தி செம்பனை, வருஷக் கடைசில சாயங்காலம் ஆனா மழை கொட்டு கொட்டுன்னு கொட்டும். காப்பர் லைன் காலத்துல இடி இடிச்சா மோடமே காலி. ஃபைபர்ல, அதாவது கண்ணாடி இழைல வெளிச்சமா வர்ற இன்டர்நெட்ல, அந்தத் தொல்லை இல்ல, கண்ணாடில கரண்ட் பாயாது. அதுக்காக தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாங்க பாருங்க, அத நம்பாதீங்க.

எங்க வீட்டுல மழை விட்டாலும் லைன் வராது, மறுநாள் நல்லா வெயில் ஏறுனாதான் மோடத்துல லைன் இல்லன்னு காட்டுற செவப்பு லைட்டு அணையும். கஸ்டமர் சர்வீஸ்ல ரௌட்டர மாத்திக் குடுத்தாங்க, வேஸ்ட். மோடம் செட்டிங்ல ஆப்டிகல் பவர், அதாவது வந்து சேர்ற வெளிச்சத்தோட பலம் பாத்தேன், காஞ்ச நாள்ல -21 டிபிஎம், மழைக்கப்புறம் -27 (மைனஸ் நம்பர் பெருசானா வெளிச்சம் கம்மி). 6 டிபி கொறஞ்சா வெளிச்சம் கால்வாசிதான் வருதுன்னு அர்த்தம், இந்த மாதிரி மோடம் -27, -28க்குக் கீழ எறங்குனா தாங்காது, அதனாலதான் ஸ்பீட் மெதுவா எறங்காம நல்லா ஓடிட்டு இருக்கும்போதே பட்டுன்னு அத்துக்குது.

தண்ணி ஒளிய உறிஞ்சும்னு நெட்ல படிச்சிருப்பீங்க. அது கண்ணாடி செய்யும்போதே உள்ள மாட்டுன ஹைட்ராக்சில், 1383 நானோமீட்டர் அலைநீள வெளிச்சத்த உறிஞ்சும். வீட்டு லைன் ஓடுறது 1490லயும் 1310லயும், அதுக்கும் நம்ம மழைக்கும் சம்பந்தமே இல்ல.

வம்பு எல்லாம் ஃபைபர் ஒண்ணோட ஒண்ணு சேர்ற ஜாயிண்ட்லதான். கடைசியா வந்த டெக்னீசியன் தம்பி பொறுமையா கம்பத்துல ஏறி ஜாயிண்ட் இருக்குற டப்பாவத் தொறந்து காட்டுனாரு, சீல் ரப்பர் வெடிச்சிருக்கு, உள்ள எறும்புக் கூடு, அடில தண்ணி. பச்சை கனெக்டர் முனைய ஸ்கோப்ல பாத்தா காஞ்ச தண்ணிக் கறை வளையம் வளையமா நிக்குது, வெளிச்சம் போற பாதையே ஏறக்குறைய 9 மைக்ரான்தான், அதுல இந்தக் கறை உக்காந்தா என்னத்துக்கு ஆகும்? இறுக்கி வளைச்சு வச்ச ஃபைபர்ல ஈரம் சேந்தா கண்ணுக்குத் தெரியாத கீறல் மெல்ல வளந்து ஒரு நாள் ஒடிஞ்சே போகுமாம், அதையும் அவரே லூசா சுத்தி விட்டாரு.

புது டப்பா, கனெக்டருக்குப் பதிலா உருக்கி ஒட்டுன ஜாயிண்ட், வீட்டுக்குள்ள நொழையுற எடத்துல தண்ணி சொட்டிப் போக கேபிள்ல ஒரு தொங்கல். இப்ப எவ்வளவு மழைன்னாலும் -22தான். பக்கத்து லயத்துல இன்னும் பழைய டப்பா, அவங்க ரௌட்டர்தான் கேட்டுட்டு இருக்காங்க. ரௌட்டர விடுங்க, காஞ்ச நாள் ரீடிங், மழை நாள் ரீடிங் ரெண்டையும் படம் புடிச்சு கம்ப்ளேண்ட்ல போடுங்க, அப்பதான் கம்பத்துல ஏறுவாங்க.