மதுரோவா, உறையூர்ச் சுருட்டா?

கொடைக்கானல் வரும் நண்பர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தயங்குகிறார்கள். மதுரோ என்பது மேலே கறுத்த புகையிலை சுற்றிய சிகார்.

விலை: உறையூர்ச் சுருட்டு மலிவு. மதுரோ ஒன்றுக்கே பல நூறு ரூபாய்.

எளிமை: நம் சுருட்டு இருபுறமும் திறந்தது, பற்றவைத்தால் போதும். மதுரோவின் மூடிய தலையைக் கூர்மையாக வெட்ட வேண்டும்.

சுவை: நம் சுருட்டு எடுத்த எடுப்பிலேயே காரம். மதுரோ மெல்லத்தான் பேசும். அதிக வெப்பத்தில் நீண்ட நாள் நொதிப்பதால்தான் அதன் மேலிலை கறுக்கிறது. கருப்பட்டியும் வரக்காப்பியும் கலந்த ஓர் இனிப்பு அதில் வந்துவிடுகிறது. கருமையே காரம் என்று எண்ணாதீர்கள், வலிமையைப் பெரிதும் தீர்மானிப்பது உள்ளிலை. நிமிடத்துக்கு ஓர் இழுப்பு, புகை வாயோடு நிற்கட்டும். அவசரமாக இழுத்தால் சூடேறிக் கசக்கும். பாதி எரியும்வரை தீர்ப்புச் சொல்லவே கூடாது. மிளகு வாசனை பெரும்பாலும் அதற்குள் அடங்கி, இனிப்பு மேலே வரும். எனக்கு அந்த நடுப்பகுதிதான் உயிர்.

பராமரிப்பு: மதுரோவுக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும். மலை மழையில் திறந்து வைத்தால் இரண்டிலும் பூஞ்சை படரும்.

சாப்பிட்ட வயிறும் வீட்டு முற்றத்தில் ஒரு மணி நேரமும் இருந்தால் மதுரோ. கால் மணி நேரம்தான் என்றால் உறையூர்ச் சுருட்டு.