பாஸ்வேர்ட் பிழையென்று கடைக்குக் கொண்டுபோனேன், படங்களை அழித்துத் தந்தார்கள்

வீட்டுக் கொம்பியூட்டருக்குள் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பூட்டிவிட்டு, லொகின் ஆக முடியாமல் முழிக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ரியூசன் வகுப்புகளுக்கு வினாத்தாள் அடித்துக் கொடுப்பது என் வேலை, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வீட்டோடுதான். பழைய கொம்பியூட்டர் 2019இல் படுத்துவிட்டது. போன வருடம் புதிது வாங்கினேன். பழையதன் டிஸ்க்கில் 2014 தொடக்கம் எடுத்த குடும்பப் படங்கள் கிடந்தன. அதைக் கழற்றி, யூரியூப்பைப் பார்த்துப் புதியதற்குள் நானே பூட்டினேன். இரண்டு வயர்தானே.

போட்டதும் விண்டோஸ் வந்தது, என் பெயரும் வந்தது. வழக்கமாகக் கேட்கும் நாலு இலக்கப் பின்னைக் கேட்காமல் பாஸ்வேர்ட் கேட்டது. தெரிந்ததெல்லாம் அடித்துப் பார்த்தேன், எல்லாம் பிழை. என் படம் இருக்கவேண்டிய வட்டத்துக்குள் சாம்பல் நிறத் தலை உருவம் மட்டும் இருந்தது. அதைக் கண்டேன், ஆனால் யோசிக்கவில்லை. மறுநாள் கொடுக்கவேண்டிய வினாத்தாள் பாதியில் நின்றால் யோசனை எங்கே வரும்?

சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் டவுனுக்குப் போனேன். கடைத் தம்பி ஒரு தரம் போட்டுப் பார்த்தார், மூடியைக்கூடக் கழற்றவில்லை.

“விண்டோஸ் கரப்ட் அக்கா. பழைய டிஸ்க்கில இருந்து வைரஸ் ஏறியிருக்கு. போர்மட் அடிக்கத்தான் வேணும்.”

“படங்கள் போகாதே?”

“சீச்சீ, அதெல்லாம் நான் பாத்து எடுத்துத் தாறன்.”

இரண்டு நாள் கழித்து 8,500 ரூபா கொடுத்து எடுத்துவந்தேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டில் ‘போர்மட், விண்டோஸ், டேட்டா’ என்று எழுதித் தந்தார். வீட்டில் போட்டால் டெஸ்க்டொப்பில் குப்பைத்தொட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை.

அன்று பின்னேரம் அண்ணாவின் மகன் வந்தான். ஒன்றும் சொல்லாமல் ரீஸ்டார்ட் பண்ணி, கீபோர்டில் எஃப்12ஐத் தட்டிக்கொண்டே இருந்தான். இரண்டு டிஸ்க்கின் பெயர்களும் வந்தன. மற்றதைத் தெரிவுசெய்தான். என் படத்தோடு என் திரை வந்தது, பின்னும் வேலை செய்தது. பாதியில் விட்ட வினாத்தாள் ஏழாம் கேள்வியில் அப்படியே நின்றது.

விசயம் இவ்வளவுதான். பழைய டிஸ்க்கிலும் ஒரு விண்டோஸ் இருந்தது, அதிலும் என் பெயர்தான். புதிதாக ஒரு டிஸ்க் வந்ததும் எதிலிருந்து தொடங்குவது என்ற வரிசையைச் சில மதர்போர்டுகள் தாமாகவே மாற்றிவிடும். நான் நின்றது 2019இன் வாசலில்; அதற்கு நான் மறந்துபோன 2019இன் பாஸ்வேர்ட்தான் வேண்டியிருந்தது. என் சொந்த விண்டோஸ், மதர்போர்டில் படுத்திருக்கும் எஸ்எஸ்டி என்ற சின்ன டிஸ்க்கில் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. தம்பி அழித்து விண்டோஸ் ஏற்றியது என் படங்கள் இருந்த டிஸ்க்கில். விண்டோஸ் ஏற்றும்போது இரண்டு டிஸ்க்கும் அளவோடு திரையில் வரும். அதையும் அவர் பார்க்கவில்லை.

ஆகவே முதலில் கரண்டை நிற்பாட்டி, புதிதாகப் பூட்டியதன் வயரைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். பழையபடி லொகின் ஆனால் பாஸ்வேர்டிலும் பிழையில்லை, வைரசும் இல்லை. பிறகு பயோசில், அதாவது விண்டோஸ் வருமுன் திறக்கும் அமைப்புத் திரையில், உங்கள் டிஸ்க்கை முதலாவதாக வைத்துவிட்டு மற்றதைப் பூட்டலாம். எந்த டிஸ்க்கில் தொடங்குவது என்ற பட்டியலைக் காட்டும் எஃப்12 எல்லாவற்றிலும் வேலை செய்யாது, சிலதில் எஃப்11, சிலதில் எஃப்8. வரிசை மாறியதால் நீலத் திரை வந்து 48 இலக்க ரிக்கவரி கீ கேட்டாலும் பதறவேண்டாம். அது பிட்லொக்கர், டிஸ்க்கில் இருப்பதை மற்றவர்கள் பார்க்கமுடியாமல் மறைத்துவைக்கும் விண்டோஸ் வசதி. பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் அந்த இலக்கம் இருக்கும், போனிலேயே பார்க்கலாம். அதற்கும் போர்மட் என்று யாராவது சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

திரும்பக் கடைக்குப் போய்க் கேட்டேன். “பாக்அப் எடுக்கச் சொல்லி நீங்கள் சொல்லேல்லையே அக்கா. அடுத்த முறை சேர்விஸ் சும்மா செய்து தாறன்.” அடுத்த முறையாம்!

டிஸ்க்கில் புதிதாக ஒன்றும் எழுதவிடாமல் கழற்றி வைத்து, மருமகன் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டான். கொஞ்சம் மீண்டது. பெயரெல்லாம் போய், எஃப் எழுத்தும் நீண்ட இலக்கமுமாக ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன். நல்லூர்த் தேர் முழுதாக இருக்கிறது. அம்மா கிணற்றடியில் நிற்கும் படத்தில் கழுத்துக்குக் கீழே சாம்பல்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்துச் சொல்லலாம். எழுத்தில் கொடுப்பதென்றால் மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆதாரமாக இணைக்க என்னிடம் இருந்தது அந்தத் துண்டு மட்டும்தான். அதில் கடையின் பெயர்கூட இல்லை.