நீரோட்டத்தில் படகின் வேகம்: ஜிபிஎஸ்ஸா, கால்குலேட்டரா, தாளில் முக்கோணமா?

நீரோட்டம் நேர் பின்னாலிருந்தோ நேர் எதிரிலிருந்தோ வந்தால் ஒப்பிட ஒன்றுமில்லை. நீரைப் பொறுத்து 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் போகும் படகுக்கு நீரோட்டம் 2 நாட் என்றால், தரையைப் பொறுத்த வேகம் கூட்டினால் 8, கழித்தால் 4. ஆனால் போய்த் திரும்பும் சராசரி 6 ஆகாது. 12 கடல் மைல் போக ஒன்றரை மணி, எதிர்த்துத் திரும்ப 3 மணி, சராசரி 5.3 நாட்தான்.

நீரோட்டம் சாய்வாகத் தள்ளும்போதுதான் எதை வைத்துக் கணக்கிடுவது என்ற கேள்வியே வருகிறது. மூன்றில் நான் கையில் வைத்திருப்பது தாளும் கவராயமும்.

ஜிபிஎஸ் தரையைப் பொறுத்த வேகத்தை நேரடியாகவே காட்டிவிடும். ஓடும் படகில் அதற்கு ஈடு இல்லை. எண் கொஞ்சம் துள்ளும், ஒரு நிமிடச் சராசரியைப் பார்த்தால் போதும். கால்குலேட்டரும் சைன், கொசைன் போட்டுத் துல்லியமான விடை தரும்.

அப்புறம் ஏன் தாள்? கிளம்புவதற்கு முன்பே விடை வேண்டும் என்பதால். எத்தனை மணிக்குச் சேருவோம், எரிபொருள் போதுமா, முகப்பை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பிப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் கரையிலேயே தெரிந்தாக வேண்டும். கட்டிக் கிடக்கும் படகில் ஜிபிஎஸ் பூஜ்யத்தைத்தான் காட்டும்.

வரைவது எளிது. போக வேண்டிய திசை நேர் வடக்கு, நீரோட்டம் வடகிழக்கு நோக்கி 2 நாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாட் வேகத்துக்கு ஒரு செ.மீ. முதலில் வடக்கு நோக்கி ஒரு நீளக் கோடு. அதன் தொடக்கப் புள்ளியிலிருந்து வடகிழக்காக 2 செ.மீ. அம்பு. அம்பு முடியும் இடத்தில் கவராயத்தை ஊன்றி, 6 செ.மீ. விரித்து, வடக்குக் கோட்டை வெட்டுங்கள். தொடக்கத்திலிருந்து வெட்டும் புள்ளி வரை சுமார் 7.2 செ.மீ. வரும். அதாவது 7.2 நாட். அம்பின் முனையிலிருந்து அந்தப் புள்ளிக்குப் போகும் கோடுதான் படகின் முகம் பார்க்க வேண்டிய திசை: வடக்கிலிருந்து மேற்கே ஏறத்தாழ 14 பாகை.

கால்குலேட்டரிலும் இதே எண்கள்தான் வரும். ஆனால் அதில் ஒரு குறி மாறினாலும் நம்பும்படியான ஒரு தவறான விடை வந்து நிற்கும். காற்றை அது வரும் திசையால் சொல்கிறோம், நீரோட்டத்தைப் போகும் திசையால் சொல்கிறோம். இரண்டும் குழம்பிப்போவது சுலபம். தாளில் அம்பு தப்பான பக்கம் போனால் கண்ணே காட்டிக்கொடுக்கும். பக்கவாட்டுத் தள்ளல் படகின் வேகத்தை விஞ்சினால் கவராயம் போடும் வில் வடக்குக் கோட்டைத் தொடவே தொடாது; அந்த வேகத்தில் அந்தப் பாதையில் போகவே முடியாது என்று அப்போதே தெரிந்துவிடும்.

இவ்வளவும் நீரோட்டம் சீராக இருக்கும்வரை. ஓதத்தால் (கடல்நீரின் ஏற்ற இறக்கத்தால்) மணிக்கு மணி மாறும் நீரில் ஒவ்வொரு மணிக்கும் தனித்தனி அம்பாக, ஒன்றன் முனையில் அடுத்ததைத் தொடுத்து வரைய வேண்டும். அங்கே எனக்குப் பழக்கம் குறைவு. காற்று படகைப் பக்கவாட்டில் நகர்த்துவதும் இந்தக் கணக்கில் இல்லை. அதனால் ஓடத் தொடங்கியதும் ஜிபிஎஸ் காட்டும் வேகத்தையும் திசையையும் தாளோடு ஒப்பிடுகிறேன். வேகத்தில் அரை நாட் அளவுக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் திரையில் உள்ளதை வைத்துப் புது அம்பு வரைகிறேன்.