ஊட்டி மலை ரயிலுக்கு ஏஜென்டிடம் டிக்கெட் எடுப்பவர்கள் கவனத்துக்கு

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நீலகிரி மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சின்களை அதே பணிமனையில்தான் கட்டினார்கள், ஆனால் அவர் ஓய்வு பெற்ற பிறகு. "அந்த வண்டி மலையேறுறதை ஒரு தடவை உள்ள உட்கார்ந்து பாத்துடணும்" என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன மே மாதம் அதற்காகவே குடும்பத்தோடு கிளம்பினோம்.

ஐஆர்சிடிசியில் எல்லா நாளும் வெயிட்டிங் லிஸ்ட். ஊட்டியில் டூர் நடத்தும் ஒருவரின் எண் கிடைத்தது. "ஹெரிடேஜ் ரயில் பேக்கேஜ், நீராவி எஞ்சின், கன்ஃபர்ம் சீட், தலைக்கு 1,800" என்றார். நான்கு பேருக்கு 7,200 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். மேட்டுப்பாளையத்திலிருந்துதானே என்று கேட்டதற்கு, "ஆமா சார், கவலையே படாதீங்க" என்றார். அதை எழுத்தில் வாங்காமல் விட்டுவிட்டேன்.

முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து போன். கல்லாறு பக்கம் மண் சரிந்துவிட்டது, கீழே வண்டி ஓடவில்லை, குன்னூரில் ஏறிக்கொள்ளலாம், வேன் அனுப்புகிறேன் என்றார். மழை பெய்தால் அந்தப் பாதையில் மண் சரிவது உண்மைதான் என்பதால் நம்பினோம்.

மறுநாள் குன்னூர் ஸ்டேஷனில் காத்திருந்தபோது கீழிருந்து புகை தெரிந்தது. பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு மேட்டுப்பாளையம் வண்டி வந்து நின்றது. காலை 7.10க்கு வழக்கம்போலக் கிளம்பி வந்திருக்கிறது. மண் சரிவே இல்லை.

அப்பா ஒன்றும் பேசவில்லை. எஞ்சின் பக்கத்தில் போய் நின்றார். அடியில் வெந்நீர் சொட்டிக்கொண்டிருந்தது, சூடான எண்ணெய் வாசனை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பல்சக்கரம் இருக்கும் இடத்தைத் தேடிப் பார்த்தார். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே ஓடும் பல் பட்டையைக் கடித்துக்கொண்டுதான், சுமார் 12 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் அது ஏறுகிறது. அவர் பார்க்க ஆசைப்பட்டது அதைத்தான்.

நீராவி எஞ்சின் குன்னூர் வரைதான். அங்கிருந்து ஊட்டிக்கு எங்கள் வண்டியை இழுத்தது டீசல் எஞ்சின். குன்னூருக்கு மேலே பல் பட்டையே கிடையாது. வெலிங்டனில் அப்பா ஜன்னல் வழியாகத் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு, "ஏப்பா, இங்க பல்லே காணோமே?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கேத்திப் பள்ளத்தாக்கு அழகுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் வந்தது அதற்காக இல்லை. டிக்கெட்டில் அச்சாகியிருந்த கட்டணம் நாங்கள் கொடுத்ததில் கால்வாசிகூட இல்லை.

ஏஜென்டைக் கேட்டால், "மலை ரயில்னு சொன்னேன், மலை ரயில்லதானே போனீங்க?" என்கிறார். 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய (ஹெரிடேஜ்) பட்டியலில் சேர்ந்தது மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரையான 46 கிலோமீட்டரும்தான். அதனால் குன்னூர்–ஊட்டி டிக்கெட்டை 'ஹெரிடேஜ் ரயில்' என்று விற்றால் அது முழுப் பொய்யும் ஆகாது. இந்த ஓட்டையை வைத்துத்தான் பிழைக்கிறார்கள்.

நீராவி வண்டிதான் வேண்டுமென்றால் டிக்கெட்டில் ஏறும் இடம் மேட்டுப்பாளையம் என்று இருக்கிறதா பாருங்கள். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கும் வண்டியும் சரிதான், அதிலும் குன்னூருக்குக் கீழே நீராவிதான். பணம் கொடுக்கும் முன்பே பிஎன்ஆர் எண்ணைக் கேட்டு வாங்கி நீங்களே போட்டுப் பாருங்கள். மண் சரிவு, வண்டி ரத்து என்று யாராவது சொன்னால் ரயில்வே உதவி எண் 139க்குப் போன் செய்து கேளுங்கள். அன்றிரவு நான் அந்த ஒரு போனைச் செய்யவில்லை, இன்னும் மனசு ஆறவில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். ஜிபே ரசீதைத் தவிர கையில் வேறு ஆதாரம் இல்லை. அப்பாவுக்கு இப்போது 74 வயது. மேட்டுப்பாளையம்–குன்னூர் வழியில் இருக்கும் ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் பிடிப்பதைப் பார்க்க வேண்டும் என்று இன்னும் சொல்கிறார். இந்த முறை முன்பதிவு திறக்கும் அன்றே நானே உட்கார்ந்து எடுக்கப்போகிறேன்.